சோதனைச் சாவடியின் மேற்கு வாசல்

இடுப்பு வலி பஸ்ஸிலேயே ஆரம்பித்துவிட்டது. மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் முதுகெலும்பின் அடியில் யாரோ உளியை வைத்துத் தட்டுவது போல இருந்தது. ஜல்லிக்கூடை சுமந்து வந்த வலி. நடந்தால் அடங்கும், உட்கார்ந்தால் ஏறும். போதாததற்கு வியர்வை வேறு. உள்ளே இரண்டு ஜோடி உள்ளாடை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சட்டை, அதன்மேல் கம்பளிச் சட்டை, அதற்கும் மேலே கோட்டு. கால்சட்டைக்குள் இன்னொரு கால்சட்டை. ஒருநாள் சுற்றுலாவுக்குப் பெட்டியோடு வந்தால் எதற்கு என்று கேட்பார்கள். அதனால் எனக்கு உள்ளதையெல்லாம் உடம்பிலேயே போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

"என்ன மிட்சு, இப்பிடி வேர்க்குது உனக்கு?" என்றாள் மேஸ்திரியம்மா. பஸ்ஸில் என்னைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள்.

"பஸ்ஸு ஒத்துக்கல."

"பொறுத்துக்க. ராத்திரி நீ கிண்ணம் எடுக்கணும். மூஞ்சி வெளுத்திருந்தா நல்லாருக்காது."

நாங்கள் குரோஸே மேஸ்திரியின் ஆட்கள். ரோடு போடுவோம், சரிவுக்குக் கல் கட்டுவோம், சுரங்கத்துக்கு மண் அள்ளுவோம். மேஸ்திரி கட்டிய தகரக் குடியிருப்பில் தூங்கி, அவருடைய சமையலறையில் சாப்பிடுவோம். வருஷத்துக்கு ஒருமுறை, இலை சிவக்கும் சமயத்தில், அவர் செலவில் பஸ் வைத்து எங்காவது கூட்டிப்போவார். ஷோவா ஐம்பத்து நாலாம் வருஷம், அதாவது 1979-ல், கூட்டிப்போனது பழைய நெடுஞ்சாலைக் கணவாயில் இருந்த சாமுராய் காலத்துச் சோதனைச் சாவடிக்கு. பாழாகிக் கிடந்ததைப் பழையபடியே மரத்தில் கட்டி அந்த வசந்தத்தில்தான் திறந்திருந்தார்கள். அதன் மேற்குச் சரிவில் கல் கட்டியது நாங்கள். அதைக் காட்டிப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது மேஸ்திரியின் ஆசை.

என் புருஷன் தெட்சுவோ பாறை சரிந்து செத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரியத்தை மேஸ்திரிதான் எடுத்துச் செய்தார். அறையைக் காலி செய்யச் சொல்லவில்லை, கூலியும் குறைக்கவில்லை. அந்த வருஷக் கோடையில் ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "கென்சோவுக்கும் யாரும் இல்ல, மிட்சுவுக்கும் யாரும் இல்ல" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கென்சோ அவருடைய தம்பி. அவனுடைய முதல் மனைவிக்கு ஒரு காது கேட்காது. அந்தக் காது எப்படிப் போனது என்று குடியிருப்பில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. சுற்றுலா முடிந்து திரும்பியதும் அன்று இரவே சாக்கே என்னும் அரிசிச் சாராயக் கிண்ணம் மாற்றி நிச்சயம் செய்வதாக ஏற்பாடு.

வேண்டாம் என்று ஒருமுறை மேஸ்திரியம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கூச்சப்படறா பாரு" என்று சிரித்தாள். அதற்கு அப்புறம் என்னைத் தனியாக எங்கேயும் விடவில்லை. கடைக்குப் போனால் கூட வந்தாள், குளிக்கப் போனால் சோப்பு எடுத்துக் கொடுத்தாள்.

சாவடிக்கு இரண்டு வாசல். கிழக்கு வாசலில் எங்கள் பஸ் நிற்கும். மேற்கு வாசலைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் தார் ரோட்டில் டவுன் பஸ் நிற்கும் கம்பம். அதில் ஏறினால் கணவாய்க்கு அந்தப் பக்கம் வெந்நீர் ஊற்று ஊர். அங்கே ஒரு விடுதிச் சமையலறையில் எனக்கு வேலையும் படுக்க இடமும் இருந்தது. நூல் மில்லில் என்னோடு இருந்த சவா பேசி வைத்தது. "நீ வந்து நின்னாப் போதும், மத்தத நான் பாத்துக்கறேன்" என்று போனில் சொல்லியிருந்தாள். மூன்று மணி பஸ். அதற்கப்புறம் அன்றைக்கு வேறு பஸ் கிடையாது.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. கிளம்பும்போது, வராமல் தங்கிவிட்டவர்கள் என் கையில் வழிச்செலவுக் கவர் கொடுத்திருந்தார்கள். கால் ஒடிந்து கிடந்த சமையல்காரர் ஒன்று, பிள்ளை பெற்றிருந்த மசுயே ஒன்று. கவர் வாங்கினால் போன இடத்திலிருந்து தின்பண்டம் கொண்டுவந்து கொடுத்தாக வேண்டும். ஓடிப்போகிறவளுக்கு இந்தக் கவலை எதற்கு என்று தோன்றலாம். எங்கள் ஆட்கள் 'ஓடிட்டா' என்பதை ஒரு வருஷத்தில் மறந்துவிடுவார்கள். 'கவர் வாங்கிக்கிட்டு ஓடிட்டா' என்றால் மறக்க மாட்டார்கள். எனக்கே அது ஒப்பவில்லை. ஒடிந்த காலோடு தவழ்ந்து வந்து கொடுத்த மனுஷன்.

கிழக்கு வாசலில் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார்கள். கருப்பு மைபூசிய மரம், கூர்சீவிய கழிகளால் ஆன வேலி, முற்றத்தில் பரப்பிய பொடிக்கல். எதிரே மேற்கு வாசல் திறந்து கிடந்தது. அதற்குள் தெரிந்த ஆகாயத்தை நான் பார்க்காமல் பார்த்துக்கொண்டேன்.

காலணியைக் கழற்றிவிட்டுப் பெரிய கூடத்துக்குள் போனோம். சம்மணம் போட்ட பொம்மை அதிகாரிகள், பின்னால் வரிசையாக ஈட்டி. அந்தக் காலத்தில் இங்கே முக்கியமாகப் பார்த்தது இரண்டுதான் என்று ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது: தலைநகருக்குள் போகிற துப்பாக்கி, தலைநகரை விட்டு வெளியே போகிற பெண்.

"ரெண்டும் வெடிக்கும்ல" என்றார் கிரேன் ஓட்டும் கிழவர். ஆண்கள் சிரித்தார்கள்.

பெண்களைச் சோதிக்கும் அறை பக்கத்தில். அங்கே பொம்மை இல்லை, நிஜ ஆள். அந்த ஊர்ப் பெண், ஐம்பது வயது இருக்கும், கருநீலக் கிமோனோ கட்டி, கையில் சீப்போடு உட்கார்ந்திருந்தாள். கூட்டமாக வருகிறவர்களில் ஒருத்தியை உட்காரவைத்துத் தலைமுடியை அவிழ்த்துத் தேடுவது போல நடித்துக் காட்டுவது அவள் வேலை.

"பெண் பயணி யாராவது வர்றீங்களா?"

"எங்க கல்யாணப் பொண்ண உக்கார வைங்க" என்று மேஸ்திரியம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். இடுப்பில் சுரீர் என்றது. பாயில் மண்டியிட்டேன்.

மேஸ்திரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. வழியெல்லாம் குடித்துக்கொண்டு வந்தவர். பக்கத்திலிருந்த அதிகாரி மேடையில் ஏறிப் பொம்மைக்குப் பக்கத்தில் தானும் சம்மணம் போட்டு, விசிறியை முழங்காலில் ஊன்றினார்.

"ஏ பெண்ணே. எங்க போறே?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அந்தப் பக்கம்" என்றேன்.

"எதுக்கு?"

"வெந்நீர்ல குளிக்க."

கூடமே சிரித்தது. மேஸ்திரியும் சிரித்தார், ஆனால் விடவில்லை. "சீட்டு இருக்கா? புருஷன் கையெழுத்து இருக்கா?"

"புருஷன் செத்துட்டாரு."

மேஸ்திரி விசிறியால் முழங்காலைத் தட்டினார். "அப்ப அடுத்த புருஷன்கிட்ட வாங்கிட்டு வரணும். டேய் கென்சோ, சீட்டு எழுதிக் குடுத்தியா?"

கென்சோ தூணில் சாய்ந்து நின்றிருந்தான். "நான் ஏன் குடுக்கறேன்? என் துணிய யாரு தொவைக்கிறது?"

"கேட்டியா? சீட்டு இல்ல. திருப்பி அனுப்புங்க."

கை தட்டினார்கள். அந்தப் பெண் அதற்குள் என் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். சீப்பு மண்டையில் ஓடியது. பிறகு, நடிப்பின் முறைப்படி, என் சட்டைக் கழுத்துக்குள் இரண்டு விரலை விட்டாள். விரல் ஒரு பட்டியைத் தொட்டது, அடுத்த பட்டியைத் தொட்டது, மூன்றாவதைத் தொட்டு நின்றது. கை மெதுவாக என் முதுகுப் பக்கம் வந்து கம்பளிக்கு அடியில் இருந்ததைத் தடவியது. வியர்வை அவள் விரலில் ஒட்டியிருக்கும்.

"என்ன, ஏதாவது ஆப்புட்டுச்சா?" என்றார் மேஸ்திரி மேடையிலிருந்து.

நான் பாயின் ஓரத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு நூல் பிரிந்திருந்தது.

"இந்தம்மாவுக்குக் குளிர் தாங்காது போல, அவ்வளவுதான்" என்றாள் அவள். "வேற ஒண்ணும் இல்ல."

"அதான பாத்தேன், கல்யாணத்துக்கு முன்னாலயே பெருத்துட்டாளேன்னு" என்றான் யாரோ.

என் முடியை முறுக்கிக் கொண்டைபோட்டுக்கொண்டே, உதடு அசையாமல் சொன்னாள்: "மேக்கு வாசல நாலுக்குத்தான் சாத்துவோம்."

கூடத்தை விட்டு வெளியே வந்து காலணியை மாட்டினேன். மேஸ்திரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நல்லா நடிச்ச. சிரிப்பு அடக்க முடியல எனக்கு."

முற்றத்தின் ஓரத்தில் பலகாரக் கடை. சிவப்புப் பயறுப் பூரணம் வைத்த அரிசிமாவு உருண்டைகளைப் பெட்டி போட்டு விற்றார்கள். இரண்டு பெட்டி வாங்கினேன். மேஸ்திரியம்மா மாமியாருக்கு ஊறுகாய் தேடுவதில் மும்முரமாக இருந்தாள். கினுயோ அக்கா டீ குடித்துக்கொண்டு வெளிப்பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

கினுயோ அக்கா குடியிருப்புச் சமையலறையில் வேலை செய்கிறவள். அவள் புருஷன் கல் உடைக்கும் இயந்திரத்தில் இருபது வருஷம் நின்று நெஞ்சில் தூசி அடைத்துப் போனவர். பத்தடி நடந்தால் மூச்சு வாங்கும். மேஸ்திரி அவரைக் காவல் வேலைக்கு வைத்திருந்தார்.

"அக்கா, இதக் கொஞ்சம் உங்க பையில வெச்சுக்கறீங்களா? சமையக்காரருக்கு ஒண்ணு, மசுயேவுக்கு ஒண்ணு."

"ஏன், உனக்குக் கை இல்லையா?"

"கை நோவுது."

"ஜல்லிக்கூடை தூக்கற கை. இந்தப் பொட்டி ஒரு பூனைக்குட்டி கனம்கூட இல்ல." டீயை ஊதினாள். "நீயே குடுத்தாத்தான மரியாதை. நான் குடுத்தா அது நான் குடுத்ததாயிடும்."

"மிட்சு குடுத்தான்னு சொல்லுங்க."

அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். என் கழுத்துப்பட்டிகள் இன்னும் கலைந்திருந்தன. அவள் கை நீட்டிப் பட்டியைச் சரிசெய்வது போல ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். டீக்குவளையைக் கீழே வைத்தாள்.

"ராத்திரி ஒரே கூரைக்குக் கீழ இருக்கப்போற மனுஷங்களுக்குத் தின்பண்டத்த இன்னொருத்தி கையில குடுத்தனுப்புறவ யாருடி? சின்னப் புள்ளைக்குக்கூடப் புரியுமே. கொஞ்சமாச்சும் யோசிச்சியா?"

பெட்டிகளைப் பஸ்ஸில் என் இருக்கையில் விட்டுவிட்டுப் போயிருக்கலாம், கடைக்காரரிடம் சொல்லித் தபாலில் அனுப்பியிருக்கலாம். எதுவும் தோன்றவில்லை. கையில் கொடுத்தால்தான் சேரும் என்று மட்டுமே தோன்றியிருந்தது.

"அக்கா, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பொட்டி மட்டும் போதும்."

"பொட்டி மட்டுமாம். எங்கூட்டுக்காரர நெனச்சியா? அந்த மூச்ச வெச்சுக்கிட்டு வேற எவன் அவருக்கு வேலை குடுப்பான்? நாளைக்கு மேஸ்திரி, 'கினுயோ, ஒனக்குத் தெரியுமா தெரியாதா'ன்னு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"தெரியாதுன்னு சொல்லுங்க."

"நீ சுலபமா சொல்லிட்ட." இரண்டு பெட்டியையும் பிடுங்கித் தன் பைக்குள் போட்டாள். "போ அந்தப் பக்கம். மேஸ்திரியம்மா பாக்குது."

அவள் சொல்லிவிடுவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. சொன்னாலும் தப்பில்லை என்றுதான் அந்த நேரம் நினைத்தேன். அவள் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ.

படம் பிடிக்க எல்லோரையும் மேற்கு வாசலுக்கு வெளியே கூட்டிப்போனார் மேஸ்திரி. சரிவில் நாங்கள் கட்டிய கல்வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கென்சோவை என் பக்கத்தில் தள்ளினார்கள். அவன் தோள் என் தோளில் பட்டது. சாக்கே வாடை. கீழே, மரங்களுக்கு நடுவில், பஸ் கம்பம் தெரிந்தது. ஓடினால் ஒரு நிமிஷம். ஆனால் ஓடுகிற பெண்ணை இருபது பேர் பார்த்துக்கொண்டா இருப்பார்கள்? பிடித்துவந்து, என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா என்று முதுகைத் தடவுவார்கள். நெற்றியில் ஈரத்துணி போடுவார்கள். அதை நினைத்தாலே பயமாக இருந்தது.

"இந்தப் பக்கம் சிரிங்க" என்றார் படம் பிடிக்கிறவர்.

எல்லோரும் வாசலுக்குள் திரும்பியபோது, "கழிப்பறைக்குப் போயிட்டு வந்துடறேன்" என்றேன். மேற்கு வாசலை ஒட்டி, வேலிக்கு உள்பக்கம், மரப்பலகையில் கட்டிய கழிப்பறை.

"தனியா எதுக்கு? நானும் வரேன்" என்று மேஸ்திரியம்மா கூடவே வந்தாள். நான் உள்ளே போய்த் தாழ்போட்டேன். அவள் வெளியே நின்று, ராத்திரிக்கு என்ன மீன் சொல்லியிருக்கிறார்கள் என்று பேசிக்கொண்டிருந்தாள். பலகை இடுக்கு வழியாக அவளுடைய காலுறை தெரிந்தது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மூன்று ஆகிவிட்டதா, பஸ் போய்விட்டதா, ஒன்றும் தெரியவில்லை. சட்டைகளெல்லாம் நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டன.

பொடிக்கல்லில் காலடிச் சத்தம். கினுயோ அக்காவின் குரல்.

"மேஸ்திரியம்மா, ஊறுகாக்காரி மிச்சக் காசு வெச்சுக்கிட்டு உங்களத் தேடறா. நீங்க போங்க. இவள நான் கூட்டியாறேன்."

"மிச்சமா? ஐயோ, மறந்தே போச்சு."

காலுறை நகர்ந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையில் விரலால் ஒரு தட்டு.

"மிட்சு. உள்ளயே இரு. யார் கூப்பிட்டாலும் வாயத் தொறக்காத."

நான் பதில் சொல்வதற்குள் அவள் போய்விட்டாள்.

பிறகு முற்றத்தில் விசில் ஊதியது. மேஸ்திரி எப்போதும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, விரலை நீட்டித் தலை எண்ணித்தான் எங்கிருந்தும் கிளம்புவார். சுரங்க வேலையின் பழக்கம். ஒரு தலை குறைந்தாலும் யாரும் நகரக் கூடாது. மண்ணுக்கு அடியில் யாராவது கிடக்கலாம். தெட்சுவோ காணாமல் போனதும் அப்படி எண்ணித்தான் தெரிந்தது.

"ஒண்ணு கொறையுது" என்றார் மேஸ்திரி.

"மிட்சுதான்" என்றது கினுயோ அக்காவின் குரல். "முன்னாலயே ஏத்திட்டேன். வயித்தால போகுது அவளுக்கு. பின் சீட்டுல படுக்க வெச்சு என் கோட்டப் போத்திட்டு வந்தேன்."

"எப்ப ஏறுனா? நான் பாக்கலையே" என்றாள் மேஸ்திரியம்மா.

"நீங்க ஊறுகாகிட்ட நிக்கறப்போ."

"நான் போய் ஒரு எட்டுப் பாத்துட்டு வரேன்." அது கென்சோ.

"போங்க மாப்பிள. பொம்பள சமாசாரம், துணி மாத்திக்கிட்டு இருக்கா. போய்ப் பக்கத்துலயே நின்னு பாருங்க."

ஆண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். கென்சோ ஏதோ முனகினான். யாரும் கிளம்பவில்லை. பொடிக்கல்லில் ஒரு காலடிகூடக் கேட்கவில்லை. மேஸ்திரி இருமினார்.

"நீ பாத்து ஏத்துனதான கினுயோ? உன் வார்த்தைய நம்பித்தான் வண்டிய எடுக்கறேன்."

"ஏத்துனேன்."

"சரி. எல்லாரும் இருக்காங்க."

பொடிக்கல் நெரிய அவர்கள் கிழக்கு வாசல் பக்கம் போனார்கள். கதவு சாத்தும் சத்தம், இன்ஜின் சத்தம். வளைவு திரும்பும்போது ஹாரன் ஒருமுறை அடித்தது. அதற்கப்புறமும் நான் வெளியே வரவில்லை. தாழில் கை வைத்துக்கொண்டு, யாரோ திரும்பி வருவார்கள் என்று நின்றேன். வரவில்லை.

வெளியே வந்தபோது அந்தக் கருநீலக் கிமோனோப் பெண் மேற்கு வாசலில் சருகு பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"பஸ்ஸு இன்னும் வரல. அந்தப் பக்கம் பனிமூட்டம்" என்றாள். துடைப்பத்தை ஒதுக்கி எனக்கு வழிவிட்டாள்.

கம்பத்தடியில் நின்றேன். பஸ் வந்தது, ஏறினேன். உள்ளே பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும் பெண்கள் இரண்டு பேரும், முள்ளங்கிக் கட்டோடு ஒரு விவசாயியும் இருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி மடியில் வைத்தேன்.

எங்கள் பஸ் அடிவாரத்தில் நூடுல்ஸ் கடையில் நிற்கும் என்று எனக்குத் தெரியும். எல்லா வருஷமும் நிற்கும். மேஸ்திரியம்மா சூடாக ஏதாவது வாங்கிக்கொண்டு பின் சீட்டுக்கு வருவாள், எழுப்பக் கோட்டைத் தூக்குவாள். அதற்கு அடியில் கினுயோ அக்கா எதைச் சுருட்டி வைத்திருந்தாளோ.

புது வருஷத்துக்கு அப்புறம், சவா தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொன்னாள். தின்பண்டம் இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டது, கினுயோ அக்கா என் பேரைச் சொல்லியே கொடுத்திருக்கிறாள். மேஸ்திரி அவளைத் திட்டவில்லையாம். ஆள் கணக்கில் பொய் சொல்கிறவளோடு சுரங்க வேலை செய்ய முடியாது என்று மட்டும் சொன்னாராம். முதல் பனி விழுந்த வாரம் அவளும் அவள் புருஷனும் மூட்டையோடு குடியிருப்பை விட்டு இறங்கினார்கள். எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. வடக்கே நிலக்கரி ஊர்ப் பக்கம் என்று ஒருவர் சொன்னார். அந்த நெஞ்சோடு அவர் அங்கே என்ன வேலை செய்திருப்பார்.

விடுதியில் எனக்கு இப்போது தனி அறை. அவர்களைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கினுயோ அக்காவுக்கு ஒரு கூரையும் அவள் புருஷனுக்கு ஒரு வேலையும் நான் கடன்பட்டிருக்கிறேன். இன்னும் கொடுக்கவில்லை.